ஒட்டாமல் விட்ட கறுப்பு டேப்

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதில் இருப்பவள் சாத்தூர்ப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் வேலை என்பதால் பகலில்தான் தூங்கியாக வேண்டும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பகலில் இறங்கி வந்து அம்மாவிடம் கேட்டாள்: "வெக்கை தாங்கலம்மா. தகரத்துக்குக் கீழ ஒரு சீலிங் போட்டுத் தாங்களேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். "புதுத் தகரம்டா, எப்படிப் பளபளன்னு கீது! அதுல இன்னா சூடு?"

எனக்கும் எரிச்சல். கம்பெனியில் உலைகளின் சூட்டைத் தொடாமல் அளப்பதுதான் என் வேலை. துப்பாக்கி மாதிரியான அந்தக் கருவி என் பையிலேயே கிடந்தது. அந்தப் பெண்ணோடு மேலே போய், அறைக்குள் நின்று கூரையை நோக்கி அமுக்கினேன். முப்பத்தேழு டிகிரி. "பாரும்மா, உன் உடம்புச் சூடுதான்" என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி. அவள் கருவியில் தெரிந்த அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த எண் பொய் என்று எனக்குத் தெரியும். பொருள் வீசும் கதிரை வைத்துத்தான் கருவி கணக்குப் போடுகிறது. கறுப்புப் பரப்பு தன் சூட்டை ஒளிக்காமல் வீசிவிடும்; பளபளக்கும் தகரம் கொஞ்சம்தான் வீசும், மீதிக்கு எதிரே இருப்பதன் கதிரைத் திருப்பி அனுப்பும். நான் அளந்ததில் பெரும்பகுதி கீழே விரித்திருந்த அவளுடைய பாயின் சூடு. தகரத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளந்திருக்க வேண்டும். டேப்பும் பையில்தான் இருந்தது. வாயடைக்க ஓர் எண் கிடைத்ததே போதும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அவள் சீலிங் பற்றிப் பேசவே இல்லை. போன வாரம் ஒரு மத்தியானம், ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தாள்.

"இதுல எல்லாம் நார்மல்ங்காங்கண்ணே. கூரை சூடில்லன்னு நீங்களே அளந்து சொல்லிட்டீங்க. அப்புறம் எனக்கு மட்டும் ஏன் உடம்பெல்லாம் எரியுது? தூக்கமே இல்ல. லைன்ல கண்ணு சொருகுது. இன்னொரு தடவை பாத்தா நிறுத்திருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. இது என்ன நோயாண்ணே இருக்கும்?"

எனக்கு அவமானமாக இருந்தது. மாடிக்கு ஓடி, டேப்பை ஒட்டி, அது தகரத்தின் சூட்டைப் பிடிக்கும்வரை நின்று அளந்தேன். ஐம்பத்தெட்டு.

"அன்னிக்கு மெஷின் தப்பாக் காட்டிடுச்சு. கூரைதான் கொதிக்குது" என்றேன். அப்போதும் பழியை மெஷின் தலையில்தான் போட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப எனக்கு ஒரு நோயும் இல்லையாண்ணே?"