மாமி புத்தரிடம் கேட்டது

தொண்ணூறுகளின் நடுவில், அப்பாவின் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பார்க்டேலில் எங்களோடு தங்கியிருந்தார். எல்லாரும் பார்க்கச் சொன்ன நயாகராவைப் பார்க்க மாமி ஆசைப்படவில்லை. நகரத்துக்கு வெளியே, சீனர்கள் கட்டிய புத்த கோயிலுக்குத்தான் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே மூன்று மாடி உயரத்தில் ஒரு புத்தர் இருக்கிறாராம். புத்தரிடம் எங்களுக்கு என்ன அலுவல் என்று அம்மா குசினிக்குள் முணுமுணுத்தார். அப்பா சில ஞாயிறுகளைச் சாட்டுச் சொல்லிக் கடத்திவிட்டு, கடைசியில் காரை எடுத்தார்.

வழி முழுவதும் ரேடியோவை மாற்றிக்கொண்டே வந்தார். கோயிலுக்குள் அவர் வரவில்லை. காரைச் சுற்றி நடந்தபடி, கெதியாக வரச் சொன்னார்.

எனக்கு எட்டு வயது. சப்பாத்தைக் கழற்றியதும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பொன்னிறப் புத்தரை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தேன், போதுமாயிருந்தது. மாமி கும்பிடவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி நின்று, எனக்குத் தெரியாத பாஷையில் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். என்ன பாஷை என்று சேலையை இழுத்துக் கேட்டேன்.

"சிங்களம், பிள்ளை. தமிழிலை கேட்டா உவருக்கு விளங்காது."

"இவர் சைனீஸ், மாமி. இவருக்குச் சைனீஸ்தான் விளங்கும்."

மாமி என்னை வடிவாகப் பார்த்தார். "அப்ப, எங்கை எண்டு சைனீஸிலை எப்பிடிக் கேக்கிறது?"

செய்வதற்கு ஏதோ கிடைத்த சந்தோஷத்தில், பூச்சாடிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த சீனப் பெண்ணிடம் ஓடினேன். "பின்தோ" என்றார் அவர். நான் சொல்லிக்கொடுக்க, மாமி புத்தரை அண்ணாந்து, "பின்தோ? பின்தோ?" என்று கேட்டார். குரல் உயர்ந்துகொண்டே போனது. அந்தப் பெண் பதறி ஓடிவந்து, மாமியின் தோளைத் தொட்டு, கழிப்பறை இருந்த பக்கத்தைக் கையால் காட்டினார்.

மாமி அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அங்கே போனார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

காருக்குள் ஏறியதும் முழுவதையும் அப்பாவுக்கு நடித்துக் காட்டினேன். அந்தச் சிங்கள வசனத்தைக்கூட, காதில் விழுந்தபடி, மாமியின் குரலிலேயே சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. திறப்பைப் போட்டவர் காரை ஸ்டார்ட் பண்ணாமல் இருந்தார். மாமி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமிக்கு ஒரு மகன் இருந்தான் என்பதோ, ஆமி அவனைப் பிடித்துக்கொண்டு போன பிறகு முகாம் முகாமாகப் போய்க் கேட்பதற்கென்றே அவர் அந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கியிருந்தார் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. பகிடியை நான் சரியாகச் சொல்லவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னொரு தரம் முதலிலிருந்து தொடங்கினேன்.