கோடு போட ஆள் இல்ல

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சிட்டு, வேலை கிடைக்காம ரெண்டு வருஷம் மாம்பலத்துல வீட்டுலயே வெட்டியா கெடந்தேன். அப்புறம் கிண்டி பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல பிளம்பிங் சேர்ந்தேன். கெத்தா தான் சேர்ந்தேன். பைப்பு தானே, நமக்குத் தெரியாததா.

மொத நாளே சொதப்பிட்டேன். மாஸ்டர் பிரஷர் பத்தி ஏதோ சொல்ல, நான் கைய தூக்கி அவரையே திருத்துனேன். இங்கிலீஷ்ல வேற. அன்னிலேர்ந்து பசங்களுக்கு நான் 'சார்'. அவங்களுக்குள்ள மச்சி, மாமா, நைனா. எனக்கு மட்டும் "கொஞ்சம் நவுருங்க சார்". மரியாதைன்னு நெனைக்காதீங்க, செம்ம கலாய்.

அங்க எல்லாமே ஜோடி வேலை. பதினஞ்சு பேர்ல நான் தான் மிச்சம்.

பிளாஸ்டிக் பைப்ப மொதல்ல சும்மா சொருகி அளவு பாக்கணும். அப்புறம் ஒவ்வொரு ஜாயின்ட்டா உருவி, சொல்யூஷன் தடவி, திரும்ப சொருகணும். ஒருத்தன் ஒட்டுனா, இன்னொருத்தன் அது மேல மார்க்கர்ல கோடு போடுவான். கோடு இல்லன்னா ஒட்டலன்னு அர்த்தம். ஒட்டுனவனே கோடு போடக் கூடாது.

பிராக்டிகல் பரீட்சை அன்னிக்கு நான் ரெண்டையும் நானே பண்ணேன். டைம் மிச்சமாகும்னு கோட்ட மொதல்லயே மொத்தமா போட்டுட்டேன். ஒட்டுன பைப்புல தண்ணிய ஏத்தி மாஸ்டர் பம்ப் அடிக்க அடிக்க, பிரஷர் கேஜ் முள் ஏறுச்சு. நான் கைய கட்டிக்கினு நின்னேன். டப்புன்னு ஒரு எல்போ, அதான் வளைவு ஜாயின்ட், பிச்சிக்கினு போச்சு, தண்ணி நேரா மூஞ்சில. எடுத்துப் பாத்தா சொல்யூஷன் கறையே இல்ல. கோடு மட்டும் பளிச்சுன்னு கீது.

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா கூட தேவலாம். அவனுங்க பாட்டுக்கு வேலைய பாத்துக்கினு இருந்தானுங்க.

மாஸ்டர், நாளைக்கு இன்னொரு சான்ஸ், அதுவும் போச்சுன்னா சர்டிபிகேட் கிடையாதுன்னுட்டாரு. கோடு போட வேற ஆள் இருக்கணுமாம்.

பெரும்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றவன் ஒருத்தன் இருந்தான். கிளாஸ்லயே அவன் வேலை தான் சுத்தம். கோடு போட வர்றியான்னு கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார் நானு? உங்களுக்கு தான் எல்லாம் தெரியுமே."

"தெரியாது."

மார்க்கர எடுத்து சட்டைப் பையில சொருகிக்கினான். "ஒம்போது மணிக்கு வந்துடு."

வந்தான். நான் ஒவ்வொண்ணா ஒட்ட ஒட்ட, கோடு இழுத்துட்டு "போட்டாச்சு"ம்பான். வேற பேச்சே இல்ல. பன்னெண்டு ஜாயின்ட், பன்னெண்டு 'போட்டாச்சு'. அந்த மூணு மாச கோர்ஸ்ல ஒருத்தன் என்கிட்ட அவ்ளோ நேரம் பேசுனது அன்னிக்கு தான்.

மதியம் டெஸ்ட். முள் ஏறி நின்னுச்சு, அசையல. மாஸ்டர் பாஸ்னு எழுதிட்டு அடுத்தவன்கிட்ட போயிட்டாரு. தேங்க்ஸ் சொல்லலாம்னு திரும்பிப் பாத்தேன். கோடு போட்டவன் தன் செட்டோட டீக்கு கிளம்பியிருந்தான். கேட் கிட்ட நின்னு சிரிச்சிக்கினு இருந்தானுங்க, எதுக்குன்னு தெரியல.

அப்புறம் தண்ணிய வடிய விட்டுட்டு, மாம்பலம் ட்ரெயின் பிடிக்க தனியா ஸ்டேஷனுக்கு நடந்தேன்.