கால் ஆஃப் எழுதிய நோட்டு

தொண்ணூறுகளில் நான் கோவில்பட்டியில் ப்ளஸ் டூ படித்தபோது, எங்கள் இங்கிலீஷ் டீச்சருக்குக் கைடு என்றாலே ஆகாது. போர்டில் பத்து 'பிரேசல் வெர்ப்' எழுதி, எதிரே தமிழில் அர்த்தம் போடுவார். வாக்கியம் மட்டும் நாங்களே எழுத வேண்டும். "உங்க வீட்டுல நடந்தத எழுதுங்க. கைடப் பாத்து எழுதுனா முட்டதான்" என்பார். 'ரன் அவே' வந்த அன்று சுற்றுவட்டாரத்து ஆடுகளில் பாதி எங்கள் நோட்டுகளில் ஓடிப்போயின.

'கால் ஆஃப்' என்றால் ரத்து செய்வது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. முந்தின நாள் மிளகாய் காயப்போடும்போது அக்கா அழுதுகொண்டே சொன்னதுதான் மண்டைக்குள் கிடந்தது.

"இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்ட்டி. அப்பாட்ட சொன்னா வெட்டிப் போட்டிருவாவ. நீ வாயத் திறந்திராத."

அதையே எழுதினேன். என் அக்கா தன் கல்யாணத்தைக் கால் ஆஃப் செய்ய விரும்புகிறாள். எங்கள் வீட்டில் யாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற தைரியம்.

நோட்டு வாங்க கிளாஸ் லீடர் வந்து நின்றபோதுதான் உயிரே போயிற்று. அக்காவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் தங்கை அவள். டீச்சர் பார்த்துக்கொண்டிருந்ததால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

அன்றும் மறுநாளும் சோறு இறங்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் மாப்பிள்ளை வீட்டு ஆள்தான் என்று அடுக்களைக்குள் ஓடிவிடுவேன். அப்பா அரிவாள் தீட்டியது வேலிமுள் வெட்டத்தான் என்று தெரிந்தும் அந்தப் பக்கமே போகவில்லை. "என்னட்டி, காய்ச்சலா?" என்று அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் லீடர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். என் வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு டிக். டீச்சருக்கு இங்கிலீஷ் சரியாக இருந்தால் போதும்போல.

"படிச்சியா?" என்று கேட்டேன்.

அவள் தன் நோட்டைத் திறந்து நீட்டினாள். 'கிவ் இன்', பணிந்துபோவது. அதற்கு அவள் எழுதியிருந்தாள்: என் அண்ணன் கல்யாணம் வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான், கடைசியில் அப்பாவுக்குக் கிவ் இன் செய்தான். அதற்கும் ஒரு சிவப்பு டிக்.

"யார்ட்டயும் சொல்லிராத" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நான் ஒரு பக்கமும், பன்னீர்ச் செம்போடு அவள் ஒரு பக்கமும் நின்று, வந்தவர்களை எல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிட்டோம்.