அப்பன் வீட்டில் இருக்கும் நாட்கள்

வடக்கே மழை பிடித்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு காலியாகும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் விழிப்பார்கள். திருச்செங்கோட்டைச் சுற்றியிருக்கும் எங்கள் பக்கத்து ஊர்களில் பாதி வீட்டு ஆண்கள் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போர்வெல் போடப் போயிருப்பார்கள். அங்கே மழை தொடங்கினால் வேலை நிற்கும், வண்டி ஊர் திரும்பும். மாதக்கணக்கில் முகம் பார்க்காத அப்பன் வீட்டுக்கு வந்து சேருவான். அப்பன் வந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராது. லீவு கேட்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது.

நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்களிடம் பேசுவதும் என் வேலைதான். எத்தனை வாசலில் நின்று அதே பேச்சைப் பேசியிருப்பேனோ, எனக்கே சலித்துவிட்டது. எல்லோரும் நன்றாகத் தலையாட்டுவார்கள். "நாளைக்குக் கட்டாயம் அனுப்பிப்போடறமுங்க" என்பார்கள். அந்த நாளை என்றைக்கு வரும் என்று அவர்களுக்கும் தெரியாது, முழங்கால் வலியோடு திரும்பி நடக்கும் எனக்கும் தெரியாது.

அந்த வருடம் ஒரு பெண்பிள்ளை. அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். அப்பா வந்த நாளிலிருந்து ஆளைக் காணோம். முந்தைய முறை அவர் வந்து போனபோதும் இப்படித்தான் பள்ளிக்கு வராமல் நின்றாள். திரும்பி வந்தபோது கற்றதெல்லாம் போயிருந்தது. மற்ற பிள்ளைகள் சத்தமாகப் படிக்க, இவள் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அப்படி உதட்டை அசைத்தே எட்டாவது வரை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை விட்டால் இவளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவாள் என்று பயமாக இருந்தது.

ஒருநாள் பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். தறிப்பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அம்மா, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே நாற்காலி எடுத்துப் போட்டாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் பனியனைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பக்கத்தில் நின்றாள்.

நான் வழக்கமான பாட்டை எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், வருசத்துல எத்தன நாளு நான் ஊட்டுல இருக்கறேன்? இருக்கற நாளைக்குப் புள்ள எங்கூட இருந்தா என்னங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் அதற்குக் காரணம்.

அம்மா இடையில் புகுந்தாள். "நாங்க அனுப்பாம இல்லீங்க. காத்தால ஆனா வவுறு நோவுதுங்குது. ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போயாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

பிள்ளைகள் சொல்லும் அந்த வயிற்று வலி எனக்குப் பழக்கமானதுதான். சரி, கிளம்பலாம் என்று நினைத்தேன். அம்மா விடாமல் டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே கொஞ்சம் பெருமையாகச் சொன்னாள். "அப்பன் மேல அத்தன உசுருங்க. பாத்தா வண்டி ஏற உடாது. அதனால, புள்ள பள்ளிக்கூடம் போன பொறகுதான் அவிங்க பையத் தூக்குவாங்க. இங்க எல்லா ஊட்டுலயும் அப்படித்தானுங்க. அழுகாம முடிஞ்சு போயிருமல்லொ?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைக் கேட்டேன். "ஏன் கண்ணு, பள்ளிக்கூடத்துக்கு வந்தா என்ன?"

"நான் போனா அப்பா போயிருவாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"தினமும் நீங்களே கொண்டுவந்து விடுங்க, நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க" என்றேன். "கிளம்பற அன்னிக்கு வகுப்புக்கே வந்து சொல்லிட்டுப் போங்க."

"அழுகுமுங்களே டீச்சர்."

"அழட்டும்."

சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம்.

மறுநாள் அப்பாவின் பைக்கில் வந்து இறங்கினாள். முதலில் சில நாட்கள் அவள் கண் பள்ளிக்கூடக் கேட்டை விட்டு நகரவில்லை. சாயங்காலம் அவர் அங்கே நிற்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும். மெல்ல மெல்லக் கேட்டை மறந்தாள். புத்தகத்தில் விரல் வைத்து மறுபடியும் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம், கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, வகுப்பு வாசலில் அவர் வந்து நின்றார். தோளில் பை.

"வண்டி கெளம்புதுங்க டீச்சர்."

பிள்ளை ஓடினாள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் காதில் ஏதோ சொன்னார். பிறகு, "போயிட்டு வாரேன் சாமி" என்றார். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பும் அமைதியாகிவிட்டது. அப்பன் ரிக் வண்டிக்குப் போயிருந்த மற்ற பிள்ளைகளும் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். அவர் சட்டையிலிருந்து அவள் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஹெட்மாஸ்டர் வந்து, "என்ன டீச்சர் கூத்து இது?" என்றார். அன்றைக்கு அதற்குமேல் பாடம் இல்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, ஊர் வழக்கப்படி அந்த மனிதரைச் சத்தமில்லாமல் போக விட்டிருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் கேட்டைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பார்த்தேன். கண் வீங்கி வந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் தவறவில்லை. ஐப்பசியில் இங்கே மழை அடித்துக் கொட்டியது. ஒரு காலை பாதி வகுப்பு வரவில்லை. அவள் தொப்பலாக நனைந்து வந்தாள். நெற்றியைத் தொட்டால் அனலாகக் கொதித்தது.

"காய்ச்சலோட எதுக்கு வந்தே? இன்னிக்கு ஒருநாள் லீவு போட்டா என்ன?" என்று கத்தினேன். லீவு போடாதே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற வாயால்தான் கத்தினேன்.

"அப்பா திரும்பி வாரப்ப நேரா இங்கதான் வாரேன்னு காதுல சொன்னாருங்க டீச்சர். அவரு வந்து பாக்கறப்ப நான் இல்லைன்னா?"

வடக்கே அடுத்த மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அப்போது இவள் நாலாம் வகுப்பில் இருப்பாள். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் முந்தானையால் அவள் தலையைத் துவட்டி, வாசல் தெரிகிற பக்கமாக உட்கார வைத்தேன்.