கம்பி உருவும் காலியக்கா

"இருநூத்திப் பதினேழு" என்று சொல்லிக்கொண்டே காலியக்கா கம்பியை உருவுகிறார். மூன்று எண்ணும்வரை பொறுத்து மறுபடி சொருகுகிறார். திரையில் எண் ஓடத் தொடங்கியதும், "இருநூத்திப் பதினெட்டு." கம்பியின் மறுமுனையில் இருக்கும் கிளிப் அவருடைய இடது ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அதனால் காலையிலிருந்து எல்லாம் வலது கைதான். தேநீர் குடிப்பதும் அதில்தான், மேசையைத் தட்டிச் சண்டை போடுவதும் அதில்தான்.

ஆஸ்பத்திரியில் படுக்கையோரம் வைக்கிற கருவி அது. விரலில் கிளிப்பை மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று திரையில் காட்டும். கிளிப் சொல்வதைக் கருவிக்குள் இருக்கும் கணினிக்குப் புரியவைக்க நடுவில் ஒரு நிரல் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். நாற்பத்தாறு வயதாகும் காலியக்கா எங்கள் நிறுவனத்தில் டிரைவர் எழுதுகிறவர். நான் அதே அறையில் கையேடு எழுதுகிறவன். கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பதால், தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்க்க எனக்கு நிறைய நேரம் உண்டு.

டிரைவர் வேலை செய்ய நினைவகத்தில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கும். கம்பியை உருவியதும் அந்த இடத்தைக் காலி செய்து திருப்பித் தந்துவிட வேண்டும். தராவிட்டால் இடம் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டு, ஒருநாள் கருவி மூச்சுமுட்டி நின்றுபோகும். அவசரப்பட்டுத் தந்துவிட்டால் அதைவிட வம்பு. அந்த இடம் வேறு வேலைக்குப் போயிருக்கும், பழைய ஆள் நினைப்பில்லாமல் அங்கேயே எழுதிக்கொண்டிருப்பான். காலி செய்த வீட்டைப் பழைய சாவியால் திறந்து, அடுத்தவர் அடுக்களையில் போய் நம் பாத்திரத்தை அடுக்குகிற மாதிரி.

"அவனைக் காலி பண்ணிட்டியா? எப்போ பண்ணின? அப்போ உள்ள யாராவது இருந்தாங்களா?" என்று அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுப்பார். தேநீர் கொண்டுவருகிறவர் முதல்முறை இதைக் கேட்ட அன்று தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசல் காவலரிடம் போய், "இங்க என்ன தொழில் நடக்குது?" என்று விசாரித்தாராம். காலியக்கா என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

மற்றவர்கள் இடம் வாங்குகிற வரியை எழுதிவிட்டுத் திருப்பித் தருவதைப் பிறகு யோசிப்பார்கள், அல்லது மறந்துபோவார்கள். காலியக்கா தருகிற வரியைத்தான் முதலில் எழுதுவார். அதிலும் வரிசை உண்டு. "கடைசியா வாங்கினதை முதல்ல குடு. சட்டையைக் கழட்டாம பனியனைக் கழட்டுவியா?" என்பார். வீட்டிலும் இதே கூத்துதான் என்று அவர் கணவர் ஒருமுறை என்னிடம் புலம்பினார். "எங்கயாவது போறதுன்னா திரும்பி வர்ற டிக்கெட்டைத்தான் முதல்ல எடுப்பாங்க. ஒரு தடவை வர்றதுக்கு டிக்கெட் கிடைச்சுது சார், போறதுக்குக் கிடைக்கல. லீவு பூரா வீட்லயே இருந்தோம்."

இந்த முறை வந்த தொல்லை சாதாரணமானதல்ல. புதிய மாதிரிக் கருவிகள் அறுநூறு பெட்டிகளில் கட்டித் தயாராக இருந்தன, வியாழக்கிழமை லாரி. அதற்கு முந்தைய வாரம் சோதனை மேசையில் ஒரு கருவி நின்றுபோனது. அணைந்திருந்தால் தேவலை. தொண்ணூற்றெட்டு என்று காட்டிக்கொண்டே நின்றது. கிளிப் யார் விரலிலும் இல்லை, மேசைமேல் சும்மா கிடந்தது. மேசைக்கு ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு என்று நாங்கள் சிரித்தோம். காலியக்கா சிரிக்கவில்லை. அவருடைய தங்கை வார்டு நர்ஸ். அவரைப் போனில் கூப்பிட்டு, எண் அசையாமல் நின்றால் தெரியுமா என்று கேட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "நாங்க நம்பரைத்தான்க்கா பாப்போம். இருபது பெட். ஓடுதா நிக்குதான்னு உத்துப் பாக்க யாருக்கு நேரம்?"

மேலாளர் சுலபமான ஒரு வழி வைத்திருந்தார். "வாரத்துக்கு ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு கையேட்டுல ஒரு வரி போட்டுட்டா போச்சு." நானும் அந்த வரியை எழுதினேன். சம்பளம் வாங்குகிறவன், வேறென்ன செய்வேன்? காலியக்கா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக்குறுகிப் போனேன். "கண்டுபிடிக்காம கையெழுத்து போட மாட்டேன் சார்" என்று மேலாளரிடம் சொன்னார். காலியக்கா கையெழுத்து இல்லாமல் பெட்டி வாசலைத் தாண்டாது. "வியாழன் மத்தியானம் வரைக்கும்தான்" என்றார் மேலாளர்.

அப்படித் தொடங்கியதுதான் இந்த உருவல். மோட்டார் வைத்து உருவலாமே என்று பக்கத்து இருக்கைப் பொறியாளர் சொன்னதற்கு, "மோட்டார் ஒரே மாதிரி உருவும். ஆஸ்பத்திரில அப்படியா? அவசரத்துல இழுப்பாங்க, பாதி சொருகி மறுபடி பிடுங்குவாங்க, கால் தடுக்கும்" என்றார். அவசரமாக, அரைகுறையாக, கோணலாக, நின்றுகொண்டு, நடந்துகொண்டு என்று விதவிதமாக உருவினார். ஆயிரத்தைத் தாண்டியது. ஒன்றும் நிற்கவில்லை. இடையில் எல்லோரையும் உட்காரவைத்து அவரவர் நிரலை வரிவரியாகப் படிக்கச் சொன்னார். "உங்கள்ல ஒருத்தர் அவசரப்பட்டுக் காலி பண்ணியிருக்கீங்க. யாருன்னு பாக்கத்தானே போறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி கம்பியை எடுத்தார். புதன்கிழமை அவர் விரல்நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது. கிளிப்பை அடுத்த விரலுக்கு மாற்றிக்கொண்டார்.

வியாழன் காலை வழியை மாற்றினார். டிரைவருக்குள் ஒரு டைமர் உண்டு. நொடிக்கு நாலு முறை எழுந்து கிளிப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். எழுந்த டைமர் கொஞ்சம் தாமதமாகத் தூங்கும்படி அதில் ஒரு காத்திருப்பைச் சேர்த்தார். "வேலையை மெதுவாக்கினா மாட்டுவான்." மூன்றாவது உருவலில் திரை நின்றது. விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். தொண்ணூற்றேழு அசையவில்லை.

"நின்னுடுன்னு டைமர்கிட்ட சொல்லியிருக்கு. நின்னுச்சான்னு பாக்கல" என்றார். "அவன் உள்ள இருக்கும்போதே இடத்தைக் காலி பண்ணியாச்சு." பழைய கருவியின் சிப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். டைமர் ஓடும்போது காலி செய்கிற வேலை ஓட வழியே இல்லை, அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. புதிய சிப்பு ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்கும்.

எந்த வரியை யார் எழுதியது என்று எங்கள் கணினியில் பார்க்கலாம். அழுத்திப் பார்த்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதியது. ஒரு வாரமாக எல்லோரையும் வறுத்தெடுத்தவர் அவர்தானே. யாராவது சிரித்துவிடுவார்களோ என்று நான் கையேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கைப் பொறியாளர் மெல்ல, "பழசுல நல்லாத்தானேக்கா ஓடுச்சு. சிப்பு மாறினதால வந்த பிரச்னைன்னு ரிப்போர்ட்ல போட்டுடலாம்" என்றார்.

"சிப்பு என்னய்யா பண்ணும்? எழுதினது நான்." முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் தடுமாறவில்லை. சுவரில் இருக்கிற பெரிய திரையில் அந்த வரியைத் தன் பெயரோடு போட்டுக் காட்டினார். டைமர் நிற்கும்வரை காத்திருக்கும்படி வரியை மாற்றினார். அறுபது முறை உருவியும் கருவி நிற்கவில்லை. அதோடு விட்டாரா? இதே பழக்கத்தில் வேறெங்கெல்லாம் எழுதியிருக்கிறோம் என்று தேடினார். இன்னும் பதிமூன்று இடங்கள் வந்தன. ஒன்பது அவருடையவை.

அப்போதுதான் மேலாளர் கையில் போனோடு மலர்ந்த முகமாக உள்ளே வந்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களாமே! சூப்பர். லாரி கிளம்பிடுச்சு, பாதி வழியில வந்துட்டிருக்கு. லாரிக்காரர் லைன்லதான் இருக்கார். கையெழுத்தைப் போடுங்க."

"இன்னும் பதிமூணு இடம் இருக்கு சார்."

"அதான் ஒண்ணு சரியாயிடுச்சே. மிச்சத்தை அடுத்த தடவை பாக்கலாமே."

காலியக்கா எழுந்து போய் மேலாளர் கையிலிருந்த போனை வாங்கினார். அவர் அதை இழுத்துப் பிடிக்கக்கூட இல்லை.

"அண்ணே, கம்பெனிலேர்ந்து பேசறேன். இன்னிக்குச் சரக்கு இல்ல. வண்டியைத் திருப்பிக்குங்க."

அந்தப் பக்கம் "சரிம்மா" என்றது எனக்கே கேட்டது. மேலாளர் போனுக்காகக் கையை நீட்டினார். காலியக்கா கொடுக்கவில்லை. லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் வந்து, ஓய்ந்து, மறுபடி கியர் மாறும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.