பிரசவ அறையில் எனக்குத் தமிழ் தெரியாது

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண், மரத்துப்போகாத உடம்பில் தையலை வாங்கிக்கொண்டாள்.

இதுதான் என் குற்றம். நீங்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நிறுத்தமாட்டீர்கள்... ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள்!

நான் ஒரு நர்ஸ். திருப்பதியில், ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவில் வேலை. சொந்த ஊர் ஆந்திர எல்லையில், சத்தியவேட்டை ஒட்டிய சிறு கிராமம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. என் நைனா அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்து என்னைச் சித்தூரில் நர்சிங் படிக்க வைத்தார்.

அங்கே தங்கிப் படித்த விடுதியில்தான் என் பேச்சு எனக்கே கசந்தது. தமிழை அங்கே அரவம் என்பார்கள். சொல்லில் தப்பொன்றும் இல்லை, சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பு வருமே, அதுதான்! என் தெலுங்கில் கொஞ்சம் தமிழ் வாடை அடித்தாலும் அறையே சிரித்துவிடும். நைனா போன் செய்தால் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ப் பேசுவேன். திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஊர் சித்தூர், தாய்மொழி தெலுங்கு என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கக்கூட இல்லை. நானாகவே சொன்னேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அது இன்னும் அற்பமானது. தமிழ் தெரியும் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், எந்தக் கட்டிலில் எந்தத் தமிழ்ப் பெண் கத்தினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, இந்த வம்பு எதற்கு என்று நினைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அவள் வந்தாள். காஞ்சனா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண். கணவனுக்கு சத்தியவேட்டுக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து அதிக நாளாகவில்லை. தெலுங்கு காதில் விழுந்தால் ஓரளவு புரியும், வாயில் வராது. தலைப்பிரசவம். கூட வந்த அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். அப்போது எங்கள் வழக்கம் அது.

நடுப்பகல். மேசைமேல் காலை விரித்துப் படுத்திருந்தாள். தரை துடைப்பவர், பயிற்சி மாணவர்கள், போகிறவர், வருகிறவர் என்று எல்லோர் கண்ணும் அவள்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, அந்தத் திரைய கொஞ்சம் இழுத்து வுடுக்கா. எல்லாரும் பாத்துக்கினே போறாங்க..."

திரை எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு திரையை இழுத்துவிட என்ன மொழி வேண்டும், சொல்லுங்கள்! ஆனால் இழுத்தால் அவள் சொன்னது புரிந்துவிட்டது என்று ஆகிவிடுமே... கத்தாமல் படு என்று தெலுங்கில் அதட்டிவிட்டு நகர்ந்தேன்.

டாக்டர் கடலோர ஆந்திரத்திலிருந்து புதிதாக வந்தவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழியை அவர் தலையில் கட்டிவிட எனக்கு எத்தனையோ முறை ஆசை வந்திருக்கிறது.

குழந்தையின் தலை வெளியே வந்ததும், கழுத்தில் கொடி சுற்றியிருப்பது தெரிந்தது. டாக்டர் அதை விரலால் தளர்த்தும்வரை அவள் முக்கக் கூடாது. டாக்டர் தெலுங்கில் கத்தினார். அவளோ பயந்துபோய் இன்னும் பலமாக முக்கினாள். என்னையறியாமல் என் வாய் திறந்துகொண்டது.

"முக்காத கண்ணு! வாயத் தொறந்து மூச்சு வுடு... அப்படித்தான், வுடு, வுடு!"

கேட்டாள். குழந்தை நல்லபடியாக வெளியே வந்து வீறிட்டு அழுதது. பெண் குழந்தை.

காஞ்சனா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வேர்த்து வழிந்த முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம பக்கமாக்கா நீ? இத்தினி நேரம் சொல்லவே இல்லியே!"

டாக்டரும் நிமிர்ந்தார். "சிஸ்டர், உங்களுக்கு அரவம் வருமா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"இல்லை மேடம். இங்கே கேட்டுக் கேட்டு ரெண்டு வார்த்தை ஒட்டிக்கொண்டது" என்றேன். குழந்தையைத் துடைக்கும் சாக்கில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன்.

பிறகு தையல். மரத்துப்போவதற்கான ஊசியைப் போட்டார் டாக்டர். அடுத்த மேசையில் இன்னொருத்திக்கு அவசரம். மருந்து பிடிக்கும்வரை காத்திருக்காமல் தைக்கத் தொடங்கினார். முதல் குத்திலேயே காஞ்சனா துள்ளினாள்.

"அக்கா! மருந்து புடிக்கலக்கா... குத்தறது, இழுக்கறது எல்லாம் தெரியுது. டாக்டராண்ட சொல்லுக்கா. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுக்கா!"

டாக்டரின் கை நின்றது. ஊசியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்கிறாள், சிஸ்டர்? வலிக்கிறதாமா?"

கேட்டார்! கவனியுங்கள், அவர் கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். நிறுத்தியிருப்பார், இன்னொரு ஊசி போட்டிருப்பார். ஆனால் ஆமாம் என்றால், சற்றுமுன் சொன்னது பொய் என்று ஆகும். அந்த விடுதிச் சிரிப்பு காதில் கேட்டது... ஒரு சிரிப்புக்குப் பயந்தேன். வேறொன்றும் இல்லை.

"ஊரிகே அருஸ்துந்தி, மேடம்" என்றேன். சும்மா கத்துகிறாள் என்று அர்த்தம்.

அந்த அளவு தெலுங்கு காஞ்சனாவுக்குப் புரிந்தது.

அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். மேலே போர்த்தியிருந்த துணியின் முனையை வாயில் திணித்துக் கடித்தாள். மேசையின் இரும்புச் சட்டத்தை இரு கையாலும் பற்றிக்கொண்டாள். அவள் கால்கள் நடுங்கின. பிரசவம் ஆனதும் கால் நடுங்குவது சகஜம்தான், டாக்டரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

"பாருங்கள், அடங்கிவிட்டாள். மருந்து வேலை செய்கிறது" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் தைத்தார்.

தையல் முடியும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆள் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

இன்று நான் என்ன செய்கிறேன் தெரியுமா? புதிதாக வரும் நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்கிறேன்! திரையை இழுத்துவிடு. தொடுவதற்கு முன் கேள். வலிக்கிறது என்றால் நம்பு. கூட வந்தவளை உள்ளே விடு. இதையெல்லாம் நான் சொல்ல, அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். முடிந்ததும் கை தட்டுகிறார்கள். தமிழ்ப் பெண் எவள் வந்தாலும் நானே தேடிப்போய்த் தமிழில் பேசுகிறேன். மகராசியா இருக்கணும் என்று வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்து எனக்குச் சேருமா? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் சத்தியவேட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பெண் குழந்தையோடு நிற்பவர்களின் முகங்களில் அவளைத் தேடுகிறேன். பார்த்துவிடுவேனோ என்று பயந்துகொண்டே தேடுகிறேன்.

மறுநாள் நடந்ததைச் சொல்லாமல் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் வார்டுக்குப் போனேன். அவளைப் பார்த்துத் தமிழில் பேச வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உறுதியாக நினைத்துக்கொண்டுதான் போனேன். கட்டிலருகே அவள் அம்மா குழந்தையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தெரிந்த தெலுங்கையும் தமிழையும் கலந்து தடுமாறினார்.

"சிஸ்டர்... எம்பொண்ணு ராத்திரிலாம் தூங்கல. தையல் போட்ட எடம் மண்ட்டா... எரியுதுன்னுகினு அழுவறா. இன்னா பண்றது, ஏம் சேயாலி?"

நான் வாயைத் திறந்தேன். தமிழில் பேசத்தான் திறந்தேன். இதை மட்டும் நம்புங்கள்!

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காஞ்சனா திரும்பாமலே சொன்னாள்.

"வுடும்மா. அவங்களுக்கு நம்ம பேச்சு தெரியாது."

நேற்று அக்காவாக இருந்தேன். என் பொய்யை அவளே எடுத்து எனக்குப் போர்த்திவிட்டாள். வார்டு முழுவதும் என்னைப் பார்த்தது. அவள் முதுகு அசையவில்லை.

அந்த அம்மாவுக்கு நான் தெலுங்கில் பதில் சொன்னேன்.