ஹொல்லோஷ் விடோரின் நாற்பது விநாடி

ஹொல்லோஷ் விடோர் எழுதிய இசையில் எல்லோருக்கும் பிடித்த பகுதி, அவர் எழுதாத பகுதி.

இது புரிய எங்கள் நாட்டுக் கைதட்டலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கச்சேரி பிடித்துவிட்டால் நாங்கள் சடசடவென்று தட்டிவிட்டு, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இல்லை. சில நொடிகளில் அரங்கம் முழுவதும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். தட், தட், தட். இரும்புக் கைதட்டல் என்று பெயர். யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை, யாரும் கையசைத்துத் தொடங்கி வைப்பதில்லை. டிராமில் சன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்கூட ஒத்துப்போகாத ஜனம், இது ஒன்றில் மட்டும் ஓருடல்.

விடோர் பலதோன் ஏரிக்கரையில் பிறந்த தாள வாத்தியக்காரர். ஜாஸ் என்றால் அதிகாரிகள் முகம் சுளித்த காலத்தில், தேர்வுக் குழுவின் முன் வாசித்துக்காட்டி இரண்டாம் தரக் கலைஞர் உரிமம் வாங்கினார். 'தாளம் சுத்தம், முகத்தில் மகிழ்ச்சி போதாது' என்று குழு எழுதியதால் முதல் தரம் கைநழுவியது. இரண்டாம் தரத்துக்கு உணவு விடுதிகளில் வாசிக்கத்தான் அனுமதி. ஓபுதாவில் மீன் சூப்பை உறிஞ்சுகிறவர்களுக்குப் பக்கவாத்தியமாகப் பன்னிரண்டு வருடம் வாசித்தார். மதியங்களில், விடுதியின் காலி மேசையில் உட்கார்ந்து, தன் சொந்த இசையை எழுதினார். அதன் பெயர் 'பனிப்பிளவு'.

குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரி திடீரென்று பீரங்கிபோல வெடித்துப் பிளக்கும். அதற்குப் பிறகு ஏரியே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல ஒரு மௌனம். பனிமேல் நிற்கிறவன் விரலைக்கூட அசைக்க மாட்டான். விடோரின் இசையும் அப்படித்தான். இருபது நிமிட முழக்கம். நாற்பது விநாடி மௌனம். பிறகு, மிகச் சிறிய சிம்பல் தட்டின் விளிம்பில் நகத்தால் ஒரே ஒரு தொடுதல். அந்த ஒரு தொடுதலுக்காகத்தான் மற்ற அத்தனையும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பியது. முழக்கம் அடங்கியது. விடோர் நகத்தை உயர்த்திக் காத்திருந்தார். ஆறாவது விநாடியில் எங்கோ ஒருவர் தட்டினார். பத்தாவது விநாடியில் அரங்கமே தட்டியது. உயர்ந்த கை இறங்கவில்லை. இன்னும் கேட்கிறார் போலிருக்கிறது என்று ஜனம் இன்னும் பலமாகத் தட்டியது. நான்கு நிமிடம்! இசைத்தட்டு வந்தபோது அதன் உறையில் 'மக்களே நிறைவு செய்யும் புதுமையான முடிவு' என்று அச்சிட்டிருந்தார்கள். அதற்கு ஒரு பரிசும் கிடைத்தது.

"ஏன்டா செத்த வீட்டுக்குப் போய்ட்டு வந்தவன் மாதிரி நிக்கிற?" என்றார் அவருடைய குழுவில் சாக்ஸபோன் வாசித்த லோராந்த். "பரிசு வாங்கிருக்கடா."

"இசை இன்னும் முடியல லோராந்த்."

"கேட்டவனுக்கு முடிஞ்சிருச்சு. உனக்கு மட்டும் தனியா முடியணுமா?"

விடோர் என்னென்னவோ செய்து பார்த்தார். செகெத் நகரில் மௌனத்தை ஐந்து விநாடியாகக் குறைத்தார், மூன்றாவதில் தட்டினார்கள். பெய்ச் நகரில் 'தயவுசெய்து தட்டாதீர்கள்' என்று பலகை வைத்தார், பலகைக்கே தட்டினார்கள். அன்பாகத்தான் தட்டுகிறார்கள் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. முப்பத்தைந்து வருடத்தில் அந்தத் தொடுதலை மேடையில் ஒரு முறைகூட யாரும் கேட்டதில்லை.

எழுபதாவது பிறந்தநாளுக்கு ஷியோஃபோக் கலாச்சார இல்லத்தில் ஞாயிறு மதியம் கச்சேரி வைத்தார்கள். இம்முறை அவர் மனைவி இல்கா மேடையேறினாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. இவரு கையை இறக்குற வரைக்கும் ஒருத்தரும் தட்டக்கூடாது. தட்டினவங்களுக்கு மேல பாகு இறுகின டோபோஷ் கேக் கிடையாது. பல் இல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்!"

சிரித்தார்கள். ஆனால் சொன்னபடி கேட்டார்கள். முழக்கம் அடங்கியது. பத்து விநாடி. யாரும் இருமவில்லை. இருபது. விடோர் கண்ணை மூடி, தலையைத் தொங்கவிட்டு, நகத்தை உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய மௌனம், முதல் முறையாக, அவரைச் சுற்றி வளர்ந்துகொண்டிருந்தது.

"அசையவே இல்லியே," என்றது முன்வரிசையில் ஒரு கிசுகிசுப்பு.

"வயசு எழுபது..."

"மூச்சு வருதா பாருங்க. கன்னத்துல தண்ணி வேற வடியுது."

"ஐயோ, என் தாத்தாவும் இப்படித்தான், உக்காந்தமானிக்கு..."

முப்பத்திரண்டாவது விநாடியில் மூன்றாம் வரிசையிலிருந்து உள்ளூர் டாக்டர் எனிகோ மேடைக்குத் தாவினாள். தூக்கியிருந்த கையைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"விடோர் மாமா! நான் பேசுறது கேக்குதா? இது எத்தனை விரல், சொல்லுங்க!"

விடோர் கண்ணைத் திறந்தார்.

"இன்னும் எட்டு விநாடி இருந்துச்சும்மா," என்றார்.

எனிகோ அரங்கத்தைப் பார்த்துக் கத்தினாள்: "பேசுறாரு! நல்லாத்தான் இருக்காரு!"

முந்நூறு பேரும் ஒரே எழுச்சியாக எழுந்தார்கள். சடசடப்பு மூன்று நொடிதான். உடனே தாளம் கூடிவிட்டது. தட், தட், தட். லோராந்த் சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். இல்கா பக்கவாட்டுத் திரையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பிறகு அவளும், அழுதுகொண்டே, தாளம் தப்பாமல் தட்டத் தொடங்கினாள்.

எனிகோ மணிக்கட்டை விட்டதும் விடோர் குனிந்து, அந்தச் சின்னச் சிம்பலை நகத்தால் தொட்டார்.

அவருக்கே கேட்கவில்லை.